தோழர்களே, பள்ளிக்கூட வாசலுக்கு வாருங்கள்!

எழுந்து வாருங்கள். இப்போதே வாருங்கள். நாளை பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் நிக்கோட்டின் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இடைநிலைப்பள்ளிக் கழிப்பறையில் ஏறுகிறது. பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் ஏறுகிறது. அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில், டியூஷன் வகுப்புக்குப் பின்சந்தில், திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலின் மறைவில் ஏறுகிறது. வாசனை வருகிறது தோழர்களே. ஸ்ட்ராபெரி வாசனை. தர்பூசணி வாசனை. பபிள்கம் வாசனை. மூக்கில் ஏறுகிற அந்த வாசனையை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் தலையைத் திருப்பிக்கொண்டு போவது?

தலையைத் திருப்பாதீர்கள். நில்லுங்கள். பாருங்கள். பேசுங்கள்.

அந்த வேப் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். தடித்த வண்ணப் பேனா அளவுதான் இருக்கும். இளஞ்சிவப்பு, ஊதா, எலுமிச்சைப் பச்சை. சில பொம்மை வடிவத்தில் வருகின்றன. சில பழச்சாறுப் பெட்டி வடிவத்தில் வருகின்றன. கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் உண்டு. மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். மாம்பழம். திராட்சை ஐஸ். சிராப் பண்டுங். முப்பது வருடம் சிகரெட் குடித்து இருமுகிற பெரியவர் சிராப் பண்டுங் சுவையா கேட்டார்? அவருக்கா இந்தப் பொம்மை? யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் கைக்குத்தான் அது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? ஒரு லித்தியம் பேட்டரி. ஒரு கம்பிச் சுருள். கொஞ்சம் பஞ்சு. அந்தப் பஞ்சில் ஊறிய திரவம். பிள்ளை உறிஞ்சுகிறது, சுருள் சூடேறுகிறது, திரவம் புகையாக எழும்புகிறது. "வெறும் நீராவிதாண்டா தம்பி, ஒண்ணும் செய்யாது" என்கிறான் விற்கிறவன்.

பொய்! அது நீராவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால். கிளிசரின். வாசனைக்கான ரசாயனங்கள். நிக்கோட்டின். சூடு ஏற ஏற இவை சிதைந்து ஃபார்மால்டிஹைடு பிறக்கிறது. பிணவறையில் உடல் கெடாமல் வைக்கப் பயன்படும் பொருள் அது. புற்றுநோய் தருவது. கூடவே அக்ரோலின் பிறக்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரை அது புண்ணாக்கும். சூடான சுருளிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும் நிக்கலும் குரோமியமும் ஈயமும் சேர்ந்து வருகின்றன. பதின்மூன்று வயது நுரையீரல் தோழர்களே! இன்னும் வளர்ந்து முடியாத நுரையீரல்!

இதைவிடக் கொடியது அடிமைத்தனம். அதைக் கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள்.

பழைய நிக்கோட்டின் தொண்டையை எரிக்கும். முதல் இழுப்பில் பிள்ளை இருமும், கண்ணில் தண்ணீர் வரும், தூக்கி எறிந்துவிடும். அந்த இருமல்தான் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. முதலாளிகள் அந்த இருமலையே ஒழித்துவிட்டார்கள். நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். நிக்கோட்டின் உப்பு என்று பெயர் வைத்தார்கள். எரிச்சல் போனது. மேலே கொஞ்சம் குளிர்ச்சி சேர்த்தார்கள், "ஐஸ்" என்றார்கள். இப்போது நிறைய நிக்கோட்டின் ஏற்றினாலும் பிள்ளைக்கு எளிதில் இருமல் வராது.

எவ்வளவு ஏற்றுகிறார்கள்? கணக்குப் போடுங்கள். 5 விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம். 10 மில்லிலிட்டர் கருவியில் 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போகிற நிக்கோட்டின் ஏறக்குறைய 1 அல்லது 2 மில்லிகிராம்தான். கருவியில் உள்ள அத்தனையும் ரத்தத்தில் ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதி வீணாகட்டும். மீதிப் பாதியே என்ன அளவு என்று பாருங்கள்! சிகரெட்டாவது ஒரு முனையில் அணைந்துபோகும். இது அணைவதில்லை. படிக்கும்போது ஓர் இழுப்பு, விளையாடும்போது ஓர் இழுப்பு, படுக்கையில் ஓர் இழுப்பு. எத்தனை இழுத்தோம் என்று பிள்ளைக்கே தெரியாது.

இழுத்த நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போகிறது. அங்கே டோபமைன் சுரக்கிறது. சுகம். சற்று நேரத்தில் சுகம் வடிகிறது. மூளை மறுபடி கேட்கிறது. கொடுக்கக் கொடுக்க, மூளையில் நிக்கோட்டினுக்காகக் காத்திருக்கும் ஏற்பிகள் பெருகுகின்றன. பெருகப் பெருக, பசியும் பெருகுகிறது. மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. கவனம், நினைவு, ஆத்திரத்தை அடக்குகிற ஆற்றல் எல்லாம் உருவாகிற காலம் இது. அந்தக் காலத்தில் நிக்கோட்டின் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கட்டுமான வேலை நடக்கிற வீட்டில் சிமெண்ட் காயும் முன்னே கால் பதித்தது மாதிரி, அந்தத் தடம் நிலைத்துவிடுகிறது.

ஒரு பிள்ளையைப் பாருங்கள். படிவம் இரண்டு. காலையில் கண் விழிக்கும் முன்னே கை தலையணைக்குக் கீழே போகிறது. பல் துலக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. முதலில் அது. வகுப்பில் இரண்டாவது பாடவேளையிலேயே கால் ஆடத் தொடங்குகிறது. கணக்கு தலைக்குள் போகவில்லை. கையை உயர்த்தி, "சிகு, தண்டாஸ்" என்று கழிப்பறைக்கு அனுமதி கேட்டு ஓடுகிறான். ஓய்வு நேரத்துச் சாப்பாட்டுக் காசு மிச்சமாகிறது. மிச்சமான காசு எங்கே போகிறது என்று சொல்ல வேண்டுமா? வீட்டில் அம்மா ஒரு சொல் கேட்டால் கதவை அறைந்து சாத்துகிறான். "வயசுக் கோளாறு" என்கிறோம். வயசுக் கோளாறு இல்லை தோழர்களே. அது நிக்கோட்டின் இறங்குகிற நேரம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, மனம் ஒரு நிலையில் நிற்காமை, இவை எல்லாமே நிக்கோட்டின் கிடைக்காத உடம்பின் கூச்சல். அவன் கெட்டவன் இல்லை. அவன் பிடிபட்டிருக்கிறான்.

யார் பிடித்துக் கொடுத்தது? பெயர் சொல்லிக் கேட்போம். தேதி சொல்லிக் கேட்போம்.

2023 மார்ச் 31. மறக்காதீர்கள் இந்த நாளை. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப் பட்டியலில் இருந்த திரவ நிக்கோட்டினை அன்றுதான் நம் மலேசிய அரசாங்கம் நீக்கியது. நச்சுப்பொருள் வாரிய உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள். மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை. ஏன்? மறுநாள் ஏப்ரல் 1. அன்றிலிருந்து மில்லிலிட்டருக்கு 40 சென் வரி! நஞ்சுக்கு வரி போட முடியாது என்பதால் நஞ்சு என்ற பட்டியலிலிருந்தே எடுத்தார்கள்.

அடுத்து என்ன நடந்தது? பதினெட்டு மாதங்கள். 2024 அக்டோபர் 1 அன்று புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் நடப்புக்கு வரும்வரை பதினெட்டு முழு மாதங்கள், நிக்கோட்டின் கலந்த வேப்பைப் பிள்ளைக்கு விற்காதே என்று சொல்ல இந்த நாட்டில் சட்டம் இல்லை. சிகரெட் விற்றால் குற்றம். வேப் விற்றால் வியாபாரம். பதினெட்டு மாதத்தில் எத்தனை பிள்ளைகள் முதல் இழுப்பை இழுத்திருப்பார்கள்! அவர்களுக்கு யார் பதில் சொல்வது? எந்த அமைச்சர் பதவி விலகினார்? எந்த அதிகாரி தலை குனிந்தார்? யாரும் இல்லை. நாம் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

இன்னொன்றையும் பறித்தார்கள். 2007 ஜனவரி 1 முதல் பிறந்த எவருக்கும் வாழ்நாள் முழுக்கப் புகைப்பொருள் விற்கக்கூடாது என்று ஒரு திட்டம் இருந்தது. ஒரு தலைமுறையையே விடுவிக்கும் திட்டம். சமத்துவத்தைப் பேசும் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுக்கு அது முரண் என்றார் சட்டத்துறைத் தலைவர். 2023 நவம்பரில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மக்களவையில் நிறைவேற்றினார்கள். சமத்துவமாம்! நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சமத்துவத்தைப் பாருங்கள்: பதினெட்டு வயதானதும் நஞ்சு வாங்குவதில் எல்லாரும் சமம். மாலத்தீவு சின்னஞ்சிறு நாடு. அதே 2007 ஜனவரி 1 என்ற கோட்டைப் போட்டு, 2025 நவம்பர் 1 முதல் அதைச் சட்டமாக நடத்துகிறது. அவர்களால் முடிகிறது. நம்மால் ஏன் முடியவில்லை? புகையிலை முதலாளி இங்கே பேசினான். நாம் பேசவில்லை.

மௌனத்தின் விலை என்ன? நம் சுகாதார அமைச்சின் ஆய்வே சொல்கிறது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் வேப் பிடிப்பவர்கள் 2017இல் 9.8 விழுக்காடு. 2022இல் 14.9 விழுக்காடு. ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் ஒரு பிள்ளை. ஆண்பிள்ளைகளில் நான்கில் ஒருவனை நெருங்குகிறது. பெண்பிள்ளைகளிடையே ஐந்தே ஆண்டில் இரண்டு மடங்கு. இது நஞ்சுப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முந்தைய கணக்கு தோழர்களே! அதற்குப் பிந்தைய நிலவரம் உங்கள் பள்ளிக் கழிப்பறையில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

தோழர்களே, நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதிய சண்டை இல்லை.

ரப்பர் தோட்டத்தில் சம்பளம் போட்ட அன்றே கள்ளுக்கடை திறந்திருந்தது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் பிடுங்க வெள்ளைக்காரத் துரை நடத்திய கடை. தட்டிக் கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? கள் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவு செய்கிறோம் என்றார்கள். இன்று என்ன சொல்கிறார்கள்? வேப் வரியில் பாதி சுகாதார அமைச்சுக்கே போகும் என்று 2023 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். அதே பேச்சு. அதே கணக்கு. நோயையும் விற்று, மருந்துக்கும் அதிலேயே காசு எடுக்கிற கணக்கு.

நம் முன்னோர்கள் அந்தப் பேச்சை ஏற்றார்களா? கெடாவுக்குப் போங்கள். பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்துக்குப் போங்கள். போர் முடிந்த கையோடு, 1946இல், ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. பால்மரம் வெட்டிய கைகள் அணிவகுத்து நின்றன. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடிக்கப் போன அண்ணனை, குடிக்கப் போன அப்பனை, வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் போலீஸ் தடியோடு வந்தது. அடி விழுந்தது. தொழிலாளியின் உயிர் போனது. கையில் படிப்பில்லை, பையில் காசில்லை, பேச நாடாளுமன்றமும் இல்லை. ஆனாலும் நின்றார்கள்.

நமக்கு இன்று என்ன குறை? படிப்பிருக்கிறது. கைப்பேசி இருக்கிறது. ஓட்டு இருக்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் கத்துகிறார்கள். அந்தக் குரலோடு நம் குரல் சேரவில்லை. அது ஒன்றுதான் குறை.

"சிகரெட்டுக்கு இது எவ்வளவோ மேல்" என்று ஒருவர் வருவார். அவருக்கும் பதில் சொல்லுங்கள். நேர்மையாகச் சொல்லுங்கள். பல வருடம் சிகரெட் குடித்தவர் முழுக்க இதற்கு மாறினால் சில நச்சுகள் குறையும். சிலர் இதை வைத்து சிகரெட்டை விட்டிருக்கிறார்கள், ஆய்வுகளும் உண்டு. சரி. அவர் மருத்துவரிடம் போகட்டும். மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்த சிகரெட்டை விடுவதற்காக வேப் பிடிக்கிறது? வாழ்நாளில் சிகரெட்டையே தொடாத பிள்ளை அது! நோயாளியைக் காட்டி மருந்தென்று பேசினார்கள். நோயில்லாத பிள்ளையிடம் விற்கிறார்கள். நோயாளியாக்க விற்கிறார்கள்.

நம்பவில்லையா? அமெரிக்காவைப் பாருங்கள். ஜூல் என்ற வேப் 2015இல் கடைக்கு வந்தது. பென்டிரைவ் மாதிரி ஒரு பொருள். சிகரெட்டை ஒழிக்க வந்தோம் என்றார்கள். இளைஞர்கள் ஆடுகிற விளம்பரம் போட்டார்கள். மூன்றே வருடத்தில், 2018இல், அந்நாட்டு உணவு மருந்து ஆணையரே பிள்ளைகளிடையே இது கொள்ளைநோயாகிவிட்டது என்று அறிவிக்க வேண்டி வந்தது. அதே வருடம் டிசம்பரில் ஜூலின் 35 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது யார்? ஆல்ட்ரியா. மார்ல்போரோ சிகரெட்டை விற்கிற அதே ஆல்ட்ரியா. கொடுத்த விலை 1,280 கோடி டாலர். சிகரெட்டை ஒழிக்க வந்த பொருளைச் சிகரெட் முதலாளி எதற்கு வாங்குகிறான்? யோசியுங்கள் தோழர்களே. யோசித்தால் போதும். பிறகு வழக்குகள் வந்தன. பிள்ளைகளைக் குறிவைத்து விற்றாய் என்று மாநிலங்கள் மடக்கின. 2022இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 43.85 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். பணம் தந்தார்கள். அடிமைப்பட்ட மூளையை யார் திருப்பித் தந்தார்?

2019இல் அதே நாட்டில் இளைஞர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில். 68 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவங்கள் அவை. அதைக் கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்திருந்தார்கள். தோலில் தடவினால் தீங்கில்லாத பொருள், நுரையீரலுக்குள் போனதும் ஆளைக் கொன்றது. திரவத்தில் என்ன இருக்கிறது என்று இழுக்கிறவனுக்குத் தெரியாது. விற்கிறவனுக்கும் தெரியாது.

இங்கே மட்டும் தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரைக் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ஆளை மயக்குகிற எட்டோமிடேட் என்ற மருந்தை வேப் திரவத்தில் கலந்து விற்றார்கள். பிள்ளைகள் நடுத்தெருவில் தள்ளாடி விழுந்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் அங்கே. இந்தப் பக்கம் நம் போலீஸ் பிடிக்கிற திரவங்களிலும் செயற்கைப் போதைப்பொருள் இருக்கிறது. அதே கருவி. அதே நிறம். அதே ஸ்ட்ராபெரி வாசனை. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. முகர்ந்து பார்த்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது.

இந்த நிலையில் பள்ளியில் என்ன நடக்கிறது? பிள்ளை பிடிபடுகிறான். கட்டொழுங்கு ஆசிரியர் அழைக்கிறார். பிரம்படி விழுகிறது. இரண்டு வாரம் பள்ளிக்கு வராதே என்கிறார்கள். அவன் வீட்டில் உட்காருகிறான். வீட்டில் ஆளில்லை, அப்பா லாரியில், அம்மா தொழிற்சாலையில். அந்த இரண்டு வாரமும் அவனுக்குத் துணை எது? அதே வேப்! படிப்பு விட்டுப்போகிறது. எஸ்.பி.எம். தேர்வு வரை போக வேண்டிய பிள்ளை பாதியில் நின்றுவிடுகிறது. விற்ற கடைக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. கடை இரவு பத்து மணிக்கும் நீலவிளக்குப் போட்டுத் திறந்திருக்கிறது.

பிள்ளைக்குப் பிரம்பு. கடைக்காரனுக்கு லைசென்சு. இதையா பொறுத்துக்கொள்ளப் போகிறோம்?

பொறுக்காதீர்கள்! ஜொகூரும் கிளந்தானும் வேப் கடைகளுக்கு உரிமம் தர மறுத்துப் பல வருடம் ஆகிறது. 2025 ஆகஸ்டில் திரெங்கானுவும் விற்பனையைத் தடுத்தது. மாநிலம் நினைத்தால் முடியும். நகராண்மைக் கழகம் நினைத்தால் முடியும். முழுத் தடையை நோக்கிப் போகிறோம் என்று சுகாதார அமைச்சே சொல்கிறது. போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். தள்ளுகிற ஆள் இருந்தால்தான் வண்டி நகரும். நாம்தான் அந்த ஆள்.

வேப் பிடிக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களிடமும் பேசுகிறேன். நீங்களும் தோழர்கள்தான். உங்களை விட்டுவிட்டு இந்தப் போராட்டம் இல்லை. வெட்கப்படாதீர்கள். பொம்மை என்று நம்பி எடுத்தீர்கள், உங்களை ஏமாற்றத் திட்டம் போட்டுத்தான் அதைச் செய்தார்கள். விட முயன்று முடியவில்லையா? மறுபடி முயலுங்கள். முதல் மூன்று நாள் கடினமாக இருக்கும். தலை வலிக்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அது உடம்பு கழுவப்படுகிற வலி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தனியாகத் தாங்காதீர்கள். அரசு சுகாதார கிளினிக்கில் புகையை விடுவதற்கான ஆலோசனை இருக்கிறது, வேப் பிடிப்பவர்களுக்கும் உண்டு. நேரே போங்கள். போகப் பயமாக இருந்தால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம். நீங்கள் விட்டுவிட்டு வந்து பேசுகிற ஒரு பேச்சு, எங்கள் நூறு பேச்சுக்குச் சமம்.

பெற்றோரே! அடிக்காதீர்கள். அடித்தால் பிள்ளை இன்னும் நன்றாக ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்காருங்கள். எங்கே வாங்கினாய் என்று கேளுங்கள். யார் விற்றது என்று கேளுங்கள். எந்த டெலிகிராம் குழு என்று கேளுங்கள். பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் அந்தப் பெயரைத் தேடிப் போகட்டும்.

ஆசிரியத் தோழர்களே! தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பிள்ளைக்கு இன்றே சொல்லுங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். அங்கே போன முதல் வாரத்திலேயே சீனியர் ஒருவன் நீட்டுவான். அவன் நீட்டும் முன்னே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களே! தைப்பூசத்தில் ரதத்துக்குப் பின்னால் புகை விடுகிற பையன்களை விரட்டினால் போதாது. கூடாரம் போட்டு நீர்மோர் கொடுக்கிற இடத்தில் ஒரு மேசை போடுங்கள். ஒரு மருத்துவரை உட்கார வையுங்கள். நம் சமூகத்தில் மருத்துவர்களுக்குப் பஞ்சமா?

இளைஞர் மன்றத் தோழர்களே! உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். உங்கள் வட்டாரத்தில் பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். எத்தனை கடை? பள்ளி வாசலிலிருந்து எத்தனை அடி? சீருடையோடு பிள்ளை உள்ளே போகிறதா? படம் எடுக்கும்போது பிள்ளையின் முகத்தை எடுக்காதீர்கள், கடையின் பெயர்ப்பலகையை எடுங்கள். நேரம் குறியுங்கள். 852ஆம் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே விற்பது குற்றம், இணையத்தில் விற்பதும் குற்றம். சட்டம் கையில் இருக்கிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு புகாரைக் குப்பையில் போடுவார்கள். ஐம்பது புகாரைப் போட முடியாது.

பிறகு நகராண்மைக் கழகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். பெற்றோரோடு போங்கள், ஆசிரியரோடு போங்கள், மலாய்க்கார அண்டைவீட்டாரோடு போங்கள், சீனக் குடும்பங்களோடு போங்கள். கழிப்பறையில் எல்லா இனத்துப் பிள்ளையும் ஒரே கருவியைத்தான் மாற்றி மாற்றி இழுக்கிறது. வாசலிலும் எல்லா இனத்துப் பெற்றோரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். இந்தக் கடையின் உரிமத்தைப் புதுப்பிக்காதே என்று கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் போங்கள். ஓட்டுக் கேட்க வந்தபோது தோளில் கை போட்டாரே, அவரிடம் போங்கள். நஞ்சுப் பட்டியலில் நிக்கோட்டினை மறுபடி சேர்ப்பாயா மாட்டாயா? தலைமுறைத் தடையை மறுபடி கொண்டுவருவாயா மாட்டாயா? உண்டு, இல்லை. இரண்டில் ஒன்று வாங்கி வாருங்கள்.

பயமாக இருக்கிறதா? கடைக்காரன் தெரிந்தவனா? மாமா மகனா? கட்சிக்காரனா? புரிகிறது. ஹார்வர்டு தோட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் நின்றவர்களுக்கும் குடித்தவன் சொந்தக்காரன்தான். ஆனாலும் மறித்தார்கள். சொந்தக்காரன் என்பதால்தான் மறித்தார்கள்.

அதனால் தோழரே, இந்த மாதம் உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வரும். வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்காராதீர்கள். முன்வரிசைக்குப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். விளையாட்டுப் போட்டிக் கணக்கு, கூரை பழுதுபார்ப்பு, எல்லாம் பேசி முடிக்கட்டும். வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்பார். எழுந்து நில்லுங்கள். இந்தப் பள்ளியில் எத்தனை வேப் பறிமுதல் செய்தீர்கள், அவை எந்தக் கடையில் வாங்கியவை, அந்தக் கடை மேல் யாரிடம் புகார் கொடுத்தீர்கள் என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.